விசாரித்த பெற்றோருக்கு என்ன பதில் கிடைக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் சிறுவர்களுக்கான கோடைக் கால்பந்து முகாம்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில், பயிற்சியாளர் தகுதியானவரா என்பதைப் பெற்றோர்தான் விசாரித்துச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி. நான்கு நாளாகியும் அந்த வரி என் மனதை விட்டுப் போகவில்லை. விசாரித்துப் பார்த்தவள் நான். என்ன பதில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் மே மாதம் என் மகனை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் மைதானத்தில், சேர்த்தேன். அவனுக்கு அப்போது 12 வயது. கட்டணம் மாதம் 3,500 ரூபாய், ஜெர்சிக்குத் தனியாக 800. பயிற்சி தருபவர் முதுகில் 'கோச்' என்று அச்சடித்த நீல டி-ஷர்ட் போட்டிருந்தார், கழுத்தில் விசில். இரண்டாவது வாரமே பையன் முழங்கால் வலிக்கிறது என்றான். தொட்டுப் பார்த்தால் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்தாற்போல் இருந்தது, விரல் பட்டாலே துடித்தான். கோச்சிடம் சொன்னேன். "வளர்ற பையன் மேடம், ஓடினா சரியாயிடும்" என்றார். மறுநாள் வலிக்கிறது என்று உட்கார்ந்ததற்காக மைதானத்தை ஐந்து சுற்று ஓட வைத்திருக்கிறார். நான்கு மணி வெயில். செயற்கைப் புல் மண் தரையைவிட எவ்வளவு அதிகமாகச் சுடும் என்பது அதன் மேல் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எலும்பு மருத்துவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயராம். வேகமாக வளரும் வயதில் ஓடிக் குதித்து விளையாடும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதுதான், ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்றார். "கோச்சுக்கு இது தெரிஞ்சிருக்கணுமே" என்று அவர் கேட்டபோது எனக்குத் தலை குனிந்துவிட்டது. சேர்த்துவிட்டவள் நான்தானே.

அப்புறம்தான் விசாரித்தேன். உங்கள் கட்டுரையாளர் சொல்வதைப் போலவே, நேரில் போய்க் கேட்டேன். டர்ஃப் உரிமையாளர், "அவர் டிஸ்ட்ரிக்ட் பிளேயர் மேடம்" என்றார். பயிற்சியாளர் லைசென்ஸ் இருக்கிறதா என்றேன். கோச் தன் செல்போனில் ஒரு சான்றிதழைக் காட்டினார். ஏதோ ஒரு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டதற்குக் கொடுத்த காகிதம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் உண்டா என்று கேட்டதும் சிரித்துவிட்டு, "அதெல்லாம் பெரிய டீமுக்கு மேடம்" என்றார். டி என்பது தொடக்கநிலை லைசென்ஸ். அதற்கு மேல்தான் சி, பி, ஏ, புரோ எல்லாம். விளையாட்டுச் செய்தியே எழுதுகிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கட்டுரையில் ஒரு இடத்திலாவது அதை எழுதியிருந்தால், என்னைப் போன்ற அம்மாக்களுக்கு வாய் திறந்து கேட்க ஒரு வார்த்தை கிடைத்திருக்கும்.

மகனுக்கு ஓய்வு கொடுத்த வாரத்தில், மீதிப் பணம் வாங்கப் போன நான் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து பார்த்தேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்கள் ஆடும் 5-ஆம் நம்பர் பந்து. எட்டு வயதைத் தாண்டினால்தான் 4-ஆம் நம்பர், பதின்மூன்றுக்கு மேல்தான் 5 என்பது பந்து விற்கும் கடைக்காரருக்கே தெரியும். அந்தப் பந்தைக் கோச் தூக்கிப் போடப் போட, ஒரு குட்டிப் பையன் தலையால் முட்டிக்கொண்டே இருந்தான். 34 வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை. பத்து வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ஹெடிங் கூடாது என்று அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-லேயே முடிவெடுத்தது. ஆரம்பப் பள்ளி வயதில் பயிற்சியின்போது ஹெடிங் வேண்டாம் என்று 2020-இல் இங்கிலாந்திலும் சொல்லிவிட்டார்கள். படித்துவிட்டு வந்த பயிற்சியாளராக இருந்தால் இந்தக் கேள்வியாவது மனதில் எழுந்திருக்கும்.

ஆசிரியர் அவர்களே, முழங்காலும் தலையும் மட்டும் என் கவலை இல்லை. 2021-இல் சென்னையிலேயே ஒரு தடகளப் பயிற்சியாளர், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் கைதானார். அடுத்த வருடம், 17 வயதுக்கு உட்பட்ட இந்தியப் பெண்கள் கால்பந்து அணியோடு வெளிநாடு போன உதவிப் பயிற்சியாளர் முறைகேடான நடத்தைக்காக நீக்கப்பட்டார். நாட்டின் அணிக்கே அந்த நிலை என்றால், தெருமுனை டர்ஃபில் யார் பார்ப்பது? 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர் ஒவ்வொருவருக்கும் குறித்த கால இடைவெளியில் காவல்துறைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும். பள்ளிகளோடு சேர்த்து விளையாட்டு அகாடமி என்ற சொல்லே அதில் வருகிறது. ஒப்பந்த ஊழியருக்கும் அது பொருந்தும். சட்டம் நிறுவனத்தின் தலையில் வைத்த பொறுப்பை உங்கள் கட்டுரை ஒரே வரியில் எங்கள் தலைக்கு மாற்றிவிட்டது. என்னை மிகவும் புண்படுத்தியது இதுதான்.

2012-இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. இன்று பள்ளி வண்டி ஓட்டுபவருக்கு இத்தனை வருட அனுபவம் வேண்டும் என்று கேட்கிறோம். அதே பிள்ளையை மாலையில் இரண்டு மணி நேரம் ஒருவரிடம் விட்டுவிட்டு வருகிறோம், அவர் யார் என்று கேட்க ஆளில்லை. இதற்கும் ஒரு பிள்ளை போக வேண்டுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மகனின் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். ஜூலைக்குப் பிறகு இரண்டையும் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். தெருவிலிருந்த மாநகராட்சித் திடலுக்குப் பூட்டு போட்டு மூன்று வருடமாகிறது. அதனால்தான் நாங்கள் 3,500 ரூபாய் கொடுத்து டர்ஃபுக்கு ஓடுகிறோம். திடல் பூட்டிக் கிடப்பதைப் பற்றி உங்களுக்கு முன்பே ஒரு கடிதம் எழுதினேன், வரவில்லை. இடம் இருந்திருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அப்பா பெரம்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே பந்தாடியவர். வியாசர்பாடியிலும் சுற்றுப் பகுதிகளிலும் காகிதம் எதுவும் இல்லாமல், காசும் வாங்காமல், விடியற்காலை ஐந்தரைக்கே பையன்களைத் திரட்டிப் பந்து சொல்லிக்கொடுத்த பெரியவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். டி லைசென்ஸ் படிப்புக்கு அவர்களுக்குக் கட்டணம் கட்ட முடியாவிட்டால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமோ கால்பந்துச் சங்கமோ கட்டட்டும். என் கோபம் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, கேட்டால் சிரிப்பவர்கள் மீது.

உங்களிடம் நான் கேட்பது சிறிய விஷயம். முகாம் விளம்பரங்களில் பயிற்சியாளரின் பெயரும் லைசென்ஸ் நிலையும் இருந்தால் மட்டும் வெளியிடுங்கள். காவல்துறைச் சரிபார்ப்பு நிறுவனத்தின் கடமை என்று அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

மகனுக்கு முழங்கால் சரியாகிவிட்டது. மறுபடியும் பந்தாடப் போக வேண்டும் என்கிறான். போகக்கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கட்டுரைக்குக் கீழே வந்த முகாம் விளம்பரத்தைக் கத்தரித்து என் மேசையில் வைத்திருக்கிறான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். கட்டணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. பயிற்சியாளர் பெயர் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை