டிசம்பரில் காசர்கோடு ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இந்த ஆண்டுக் கேரளப் பயணத்தின் அறிவிப்பைக் கடை வாசலில் ஒட்டியதிலிருந்து இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மே விடுமுறையை விட்டுவிட்டு அரையாண்டு விடுமுறைக்கு ஏன் மாற்றினீர்கள்? மூணாறு, ஆலப்புழை, குருவாயூர் என்று சுற்றிக் காட்டாமல் காசர்கோடு மாவட்டம் ஒன்றிலேயே மூன்று இரவுகள் எதற்கு? பணம் கட்டப்போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதியே தந்துவிடுகிறோம்.

முதலில் பருவம். மே மாதத்தில் அந்தக் கடற்கரையில் வெயில் நம் ஊரைவிடக் குறைவுதான். ஆனால் காற்றில் ஈரம் மிகுதி, வேர்வை காய்வதே இல்லை. வறண்ட வெயிலில் பழகிய நம் பெரியவர்கள் அங்கே பத்து மணிக்கே சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,500 மில்லிமீட்டர் மழை பெறும் மாவட்டம் அது. வேலூரைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கடலில் கால் நனைக்கக்கூட முடியாது. டிசம்பரில் மழை ஓய்ந்து, அலை தணிந்து, காலை வேளை குளிர்ந்திருக்கும். நாம் பார்க்கப்போகும் கோட்டை இருக்கும் கடற்கரை ஊரான பேக்கலில் அறை வாடகை அப்போது ஏறிவிடும் என்பதும் உண்மை. அதனால்தான் தங்குவதற்குப் பக்கத்து ஊரான காஞ்ஞங்காட்டைத் தேர்ந்தெடுத்தோம்.

டிசம்பருக்கு இன்னொரு காரணம் தெய்யம், அதாவது வேடம் கட்டியவரையே தெய்வமாக வணங்கும் ஆட்ட வழிபாடு. மலையாளத் துலாம் மாதம் பத்தாம் நாள், அதாவது அக்டோபர் கடைசியில், கேரளத்தின் வடபகுதியான வடமலபாரில் தெய்யக் காலம் தொடங்கும். மழைக்காலம் வரும் வரை காவு எனப்படும் ஊர்ச் சிறு கோயில்களிலும் தறவாடு எனப்படும் பரம்பரைக் குடும்ப வீடுகளிலும் நடக்கும். தெய்வ வேடம் கட்டுகிறவர் தரையில் படுத்திருக்க, இன்னொருவர் ஓலை ஈர்க்கால் அவர் முகத்தில் மயிரிழை போன்ற கோடுகளை வரைவதை அருகிலிருந்து பார்க்கலாம். தலையில் கிரீடம் தரித்து எழுந்துவிட்டால் அவரே தெய்வம். ஊர்க்காரர்கள் கைகூப்பிக் குறை சொல்லி வாக்குக் கேட்பார்கள். நம் ஊரில் சாமி வந்தவரிடம் குறி கேட்டவர்களுக்கு இது புரியும். அது வழிபாடு. எனவே முகத்துக்கு நேரே கைபேசியை நீட்ட வேண்டாம் என்று இப்போதே வேண்டிக்கொள்கிறோம்.

இனி ஒரே மாவட்டம் ஏன் என்ற கேள்விக்கு வருகிறோம். எங்கள் பதில் பேக்கல் கோட்டை. வேலூர்க்காரர்களுக்குக் கோட்டை புதிதல்ல. அகழியைச் சுற்றி நடந்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம்முடையது கருங்கல், அது செம்புரைக்கல். மழை குடித்துப் பாசி படிந்த சிவப்பு மதில், மூன்று பக்கமும் அலை. சுமார் 40 ஏக்கரில், 1650 வாக்கில் கர்நாடகத்தின் கேளடி அரசர் சிவப்ப நாயக்கர் எழுப்பியது. வேலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த விஜயநகர மன்னர் மூன்றாம் ஸ்ரீரங்கர் நாட்டை இழந்து நின்றபோது ஆதரவு கொடுத்தவரும் இதே சிவப்ப நாயக்கர்தான். பின்னர் அந்தக் கோட்டை ஹைதர் அலி, திப்பு சுல்தான் கைக்குப் போனது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவர் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்த இடம் நம் வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை சிப்பாய்ப் புரட்சி வரை அவர்கள் இங்கேதான் இருந்தார்கள். இவ்வளவு உறவுள்ள இடத்தை அரை மணி நேரத்தில் படம் எடுத்துவிட்டு ஓடிவர எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

மதிலில் உள்ள துப்பாக்கித் துளைகளைக் குனிந்து பாருங்கள். மேல் வரிசை தொலைவில் வருபவனுக்கு, நடு வரிசை நெருங்கியவனுக்கு, கீழ் வரிசை மதிலடிக்கே வந்துவிட்டவனுக்கு. ஒவ்வொன்றும் ஒரு சாய்வில் இருக்கும். பிள்ளைகளைக் கண் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவிலுள்ள கண்காணிப்பு மேடைக்குப் படிகள் அல்ல, அகலமான சாய்வுப் பாதை. மூட்டுவலிக்காரர்களும் மெதுவாக ஏறிவிடலாம். மாலையில் அங்கே நின்றால் சூரியன் கடலுக்குள் இறங்கும். சென்னையிலும் புதுச்சேரியிலும் கடல் பார்த்தவர்களுக்கு இது கிடைத்திருக்காது.

கோயில்களில் இரண்டை நிதானமாகப் பார்க்கிறோம். கும்பளை அருகே அனந்தபுரம், குளத்தின் நடுவே கருவறை கொண்டது. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமியின் மூலத்தானம் என்று போற்றுகிறார்கள். கோயில் சோற்றை உண்டு அந்தக் குளத்தில் வாழ்ந்த பபியா என்ற முதலை 2022 அக்டோபரில் இறந்தபோது ஊரே திரண்டு அஞ்சலி செலுத்தியது. அடுத்தது மதூர். சிவன் கோயில்தான், ஆனால் பெயர் வாங்கியவர் விநாயகர். யானையின் முதுகு போல் வளைந்த மூன்றடுக்குக் கூரை, அப்பம் பிரசாதம். இரண்டும் நண்பகலில் நடை சாத்திவிடும். காலையில் சீக்கிரம் கிளம்பச் சொல்வது இதனால்தான். ஆண்கள் வேட்டியோடு வந்தால் நல்லது.

கடைசியாக ரயில். வேனில் போனால் செலவு குறையும் என்கிறார்கள். காட்பாடியில் மங்களூர் மெயிலில் இரவு ஏறிப் படுத்தால் மறுநாள் முற்பகலில் இறங்கிவிடலாம் என்னும்போது, பெரியவர்களை உட்காரவைத்தே கொண்டுபோக நாங்கள் தயாராக இல்லை. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அது கிடைக்காது. ஆகவே குடும்பமாக வந்தாலும் பெரியவர்களுக்குத் தனி டிக்கெட் போடுவோம், பிரித்துவிட்டோம் என்று வருந்த வேண்டாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், அன்று காலையிலேயே கீழ்ப்படுக்கைகள் தீர்ந்துவிடும். அக்டோபர் 20க்குள் பெயரையும், ஆதாரில் உள்ளபடி வயதையும் கடையில் கொடுத்துவிடுங்கள். புறப்படும் நாளில் அசல் அட்டை கையில் இருக்கட்டும்.