லாக்ஹார்ட் நகரச் சதுக்க நடைப்பயணம்: பதில் தேவை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். டெக்சஸ் மாநிலத்தின் லாக்ஹார்ட் நகரச் சதுக்கத்தை நடந்தே சுற்றிப்பார்க்க, அக்டோபர் 17, சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கூடுகிறோம்.

சதுக்கத்தின் நடுவில் நிற்கும் கால்டுவெல் கவுண்டி நீதிமன்றம் 1894-இல் எழுப்பப்பட்டது. வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லோடு சிவப்பு மணற்கல்லை இணைத்து, செங்குத்தான கூரையும் கடிகாரக் கோபுரமுமாகப் பிரெஞ்சுப் பாணியில் அமைந்த அக்கட்டடத்தை நான்கு புறமும் நிதானமாகச் சுற்றிவந்து பார்ப்பதற்கென்றே முக்கால் மணி நேரம் ஒதுக்கியுள்ளோம்; அதில் ஒரு நிமிடமும் வீணாகாது என்பது என் உறுதியான எண்ணம். அடுத்து, 1899-இல் கட்டப்பட்டு இன்றும் இயங்கிவரும் டாக்டர் யூஜின் கிளார்க் நூலகத்தைக் காண்போம்.

1. நீதிமன்றத்தின் முன் 8.45 மணிக்கே வந்துவிடுங்கள்.
2. குடிநீர், தொப்பி, நடப்பதற்கேற்ற காலணி அவசியம். அக்டோபரிலும் அங்கே வெயில் கடுமையாக இருக்கலாம்.
3. லாக்ஹார்ட் பார்பிக்யூ இறைச்சிக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதால், சைவ உணவு உண்போர் மதிய உணவைக் கையோடு எடுத்து வருவது நல்லது.
4. வருவோர் எண்ணிக்கையையும், நெடுநேரம் நடக்க இயலாத பெரியவர்கள் உடன் வருகிறார்களா என்பதையும் அக்டோபர் 10-க்குள் இக்குழுவிலேயே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.