சுகர் உள்ளவர்களின் எலும்பை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் சர்க்கரை நோய் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். கண், கிட்னி, இதயம், பாதம் எல்லாம் வந்திருந்தது, எலும்பைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, செக்கப்புக்குப் போனாலும் அந்தப் பேச்சு பெரும்பாலும் வருவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது, சுகர் வந்து பல வருஷம் ஆகிறது. நல்ல கனத்த உடம்பு. போன வருஷம் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் டி ஸ்கோர் (நல்ல இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு, மைனஸ் கூடக்கூட அடர்த்தி குறைவு) மைனஸ் 1.2, இந்த வயசுக்குப் பரவாயில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் நிலைப்படியில் இடறி உட்கார்ந்த வாக்கில் விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "ஸ்கேன்ல நல்லாத்தானே இருந்துச்சு?" என்று அவர் மகன் அந்த ரிப்போர்ட்டை நீட்டி வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் பொய் சொல்லவில்லை. அது அளப்பது கால்சியம் போன்ற தாதுக்களின் அடர்த்தியை மட்டும்தான். எலும்பு சட்டென்று உடையாமல் கொஞ்சம் வளைந்து கொடுப்பது அதிலிருக்கும் கொலாஜன் என்ற புரதத்தால், அது ஸ்கேனில் தெரியாது. டைப் 2 சர்க்கரை உள்ளவர்களுக்கு அடர்த்தி சரியாகவே இருக்கும், சிலருக்குக் கூடுதலாகக்கூட இருக்கும், ஆனாலும் இடுப்பு முறிவு மற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் அதிகம். 'மூணு மாச சுகர்' டெஸ்ட் எல்லாருக்கும் தெரியும், ரத்தத்தில் கூடுதலாக ஓடும் சர்க்கரை ஹீமோகுளோபினில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. அதே சர்க்கரை கொலாஜனிலும் ஒட்டி அதை விறைப்பாக்கிவிடுகிறது. சிவப்பணுவாவது சுமார் 120 நாளில் அழிந்து புதுசு வந்துவிடும், எலும்புக் கொலாஜன் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், போதாததற்கு சர்க்கரை நோயில் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் மந்தமாகிவிடுகிறது. பச்சை மூங்கில் காய்ந்துபோன கதைதான், பார்க்க அதே கனம், ஆனால் வளையாது.

அப்புறம் கொழுப்பு. குண்டாக இருந்தால் எலும்பு கெட்டி என்று நாம் சொல்லிக்கொள்வது பாதிதான் உண்மை. எலும்பு மஜ்ஜைக்குள் எலும்பு கட்டும் செல்லும் கொழுப்புச் செல்லும் ஒரே தாய்ச் செல்லிலிருந்து வருபவை, கொழுப்புப் பக்கம் அதிகம் போனால் கட்டுவதற்கு ஆள் குறையும். வயதாகும்போதும், மாதவிலக்கு நின்ற பிறகும் மஜ்ஜையில் கொழுப்பு கூடுகிறது. சுகருக்குத் தரும் பியோகிளிட்டசோன் மாத்திரையும் தாய்ச் செல்லை அந்தப் பக்கம் தள்ளக்கூடியது, அதைச் சாப்பிடும் பெண்களுக்கு எலும்பு முறிவு கூடுவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். 2013இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பயத்தில் மத்திய அரசு தடை செய்து, கொஞ்ச நாளிலேயே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்த அதே மருந்து. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிட வேண்டாம், ஏற்கெனவே ஒரு முறிவு வந்தவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2024 வழிகாட்டியில் எலும்புக்கென்றே தனிப் பகுதி சேர்த்துவிட்டது. எலும்புத் தேய்மானம் என்று சொல்ல டி ஸ்கோர் மைனஸ் 2.5 வரை போக வேண்டும், ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு மைனஸ் 2.0 வந்தாலே மருந்து பற்றி யோசிக்கலாம் என்கிறது அது.

ஊருக்கு ஊர் ஸ்கேன் மெஷின் வைக்கச் சொல்லவில்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல காரியம். வருகிற சகோதரிகள் இந்த வருஷம் எங்காவது விழுந்தீர்களா, கால் மரத்துப்போகிறதா, ராத்திரி சுகர் இறங்கித் தலைசுற்றல் வருகிறதா என்று மூன்று கேள்வி சேர்த்துக் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும், ஆம் என்பவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும். சுகாதாரத் துறை இதை யோசிக்க வேண்டும். நீங்களும் அந்தக் கட்டுரைக்கு இரண்டாம் பாகம் ஒன்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்