கார்த்தேஜ் ஊரும் உன் நோட்டுகளும்

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சொல்லச் சொல்லப் பையன் எழுதினானா? கையெழுத்து உன்னுடையது இல்லை, ஆனால் பேச்சு முழுக்க உன்னுடையது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லாருக்கும் நிம்மதி. ஒரு மாதம் பேப்பரைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள். காலையில் நாலு பேப்பர் பார்க்காமல் பல் துலக்காத ஆள் நீ. கஷ்டம்தான். சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். மகளுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் நானும் உன் தங்கச்சியும்தான். எனக்கு அதே பிழைப்பு: டல்லாஸிலிருந்து கிளம்பி ஊர் ஊராக ஆஸ்பத்திரி ஸ்கேன் மிஷின்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. ஐந்தாறு மணி நேரம் நேர் சாலை. காரில் என்னதான் கேட்பாய் என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஏனென்றால் பேப்பருக்குக் கோர்ட்டுச் செய்தி எழுதிய உனக்கும் அது வேண்டிய விஷயம்.

'டெக்சஸ் மன்த்லி' என்று ஒரு மாதப் பத்திரிகை. 1973-இல் ஆஸ்டின் நகரத்தில் ஆரம்பித்தது. டெக்சஸ் மாநிலத்து விஷயங்களை விட்டு வெளியே போகாத பத்திரிகை. அரசியல், சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் அதன் பேர் சொல்பவை நீளமான குற்றக் கட்டுரைகள். பத்தாயிரம் வார்த்தை என்றால் சர்வ சாதாரணம். இப்போது இந்த மாதிரிக் கட்டுரைகளை ஒலியாகவும் கேட்கலாம். குரல் கலைஞர்களை வைத்துப் பத்திரிகைக் கட்டுரைகளை வாசித்துக் கொடுத்த 'ஆடம்' என்ற செயலியை 2020-இல் நியூயார்க் டைம்ஸ் விலைக்கு வாங்கியது என்றால் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் பார். பத்தாயிரம் வார்த்தையை நிதானமாக வாசித்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். இரண்டு கட்டுரை கேட்டால் எனக்குப் பாதி வழி கடந்துவிடும்.

நீ முதலில் கேட்க வேண்டியது அந்தப் பத்திரிகையின் 'டாம் பிரவுன்ஸ் பாடி' என்ற ஒலித்தொடர். 2020-இல் வந்தது, எட்டு பாகம். எழுதியவர் ஸ்கிப் ஹாலண்ட்ஸ்வொர்த், பேசுபவரும் அவரே. டெக்சஸின் வடகோடியில் கனேடியன் என்று ஒரு சின்ன ஊர், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். 2016 நவம்பரில் ஓர் இரவு அங்கே டாம் பிரவுன் என்ற பள்ளிக்கூடத்துப் பையன், பதினெட்டு வயது, காணாமல் போனான். 2019 ஜனவரியில் ஊருக்கு வெளியே எலும்புகள் கிடைத்தன. யார் மேலும் குற்றம் சாட்டாத நிலையில்தான் தொடர் அந்த ஊருக்குப் போகிறது. கேட்கக் கேட்க, அவன் எப்படிச் செத்தான் என்பது பின்னால் போய்விடும். ஊருக்குள் வதந்தி எப்படி வீடு வீடாக ஏறி இறங்குகிறது, நேற்றுவரை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் இன்று எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதுதான் காதில் நிற்கும். ஹாலண்ட்ஸ்வொர்த் அவசரமே படமாட்டார். எதிராளி பேசி முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருப்பார். அந்த இடைவெளியில் அவர்களாகவே இன்னொரு வார்த்தை சொல்வார்கள், அதுதான் முக்கியமான வார்த்தையாக இருக்கும். கோர்ட்டு வாசலில் நீ சாட்சிகளிடம் பேசும்போது இதையேதான் செய்வாய், எனக்கு நினைவிருக்கிறது.

ஒலி வடிவம் கிடைக்காத பழைய கட்டுரைகளைப் போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். தகவல் வந்து சேர்ந்தது, மனிதர்கள் வரவில்லை. கிழவியும் ஷெரீபும் வக்கீலும் ஒரே குரலில் பேசினால் ஊர் எங்கே இருக்கிறது? அப்புறம் உன் தங்கச்சியிடம் கொடுத்தேன். நான் ஓட்ட, அவள் வாசிக்க, ஷ்ரீவ்போர்ட் போகும் வழியில் ஒரு கட்டுரையை முழுசாகக் கேட்டேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹாலண்ட்ஸ்வொர்த் 1998 ஜனவரி இதழில் எழுதியது. கிழக்கு டெக்சஸில், லூசியானா எல்லைக்குப் பக்கத்தில், பைன் காட்டுக்கு நடுவே கார்த்தேஜ் என்ற ஊர். அங்கே சவ அடக்கம் செய்து கொடுக்கும் நிறுவனத்தில் பெர்னி டீடி என்பவர் உதவியாளர். சாவு வீட்டில் ஆறுதல் சொல்வார், சர்ச்சில் பாடுவார், விதவைகளுக்குத் துணையாகக் கூடமாட அலைவார். ஊருக்கே செல்லப்பிள்ளை. மார்ஜோரி நூஜென்ட் என்ற பணக்கார விதவைக்கு, கணவர் இறந்த 1990-இலிருந்து, பெர்னிதான் எல்லாம். 1996 நவம்பரில் அந்த எண்பத்தொரு வயது அம்மாளைப் பின்னாலிருந்து நான்கு முறை சுட்டு, வீட்டிலிருந்த பெரிய ஃப்ரீசருக்குள், சாப்பாட்டுப் பொட்டலங்களுக்கு அடியில் வைத்துவிட்டார். ஒன்பது மாதம் யாருக்கும் தெரியாது! அந்த அம்மாளைத் தேடி யாரும் வரவில்லை. அந்தப் பணத்தில் பெர்னி ஊருக்கு அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1997 ஆகஸ்டில் உடல் கிடைத்தது, பெர்னியும் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் ஊர் அவர் பக்கம்தான். இங்கே வழக்கு நடந்தால் ஜூரிகள் விட்டுவிடுவார்கள் என்று பயந்து, அரசுத் தரப்பு வக்கீல் டேனி பக் டேவிட்சனே விசாரணையை சான் அகஸ்டின் என்ற வேறு ஊருக்கு மாற்றச் சொன்னார். வழக்கமாகக் குற்றவாளி தரப்புதான் இப்படிக் கேட்கும். 1999-இல் ஆயுள் தண்டனை. 2011-இல் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் இதைப் படமாக எடுத்தபோது ஊர்க்காரர்களே வந்து நடித்துக் கொடுத்தார்கள்.

கட்டுரை முழுக்க ஊர்க்காரர்கள் பேச்சு. உன் தங்கச்சிக்கு நம் பக்கத்துக் கிழவிகள் மாதிரி இழுத்துப் பேச வரும், அப்படியே வாசித்தாள். ஒவ்வொருவரும் பெர்னியைப் புகழ்கிறார்கள், செத்துப்போன அம்மாளைக் கடுகடுப்பானவள், கஞ்சத்தனம் பிடித்தவள் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் ஓட்டினேன். திடீரென்று அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "எல்லாரும் பேசியாச்சு, அந்தம்மா எங்கே?" என்று கேட்டாள்.

மாப்ளே, அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. காகிதத்தில் படிக்கும்போது இது தெரியாது, எல்லாமே எழுத்து. காதால் கேட்கும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு குரலாக வந்து நிற்கிறார்கள், அதனால் குரல் இல்லாதவர் யார் என்பது பட்டென்று தெரிந்துவிடுகிறது. குற்றக் கட்டுரையில் எப்போதும் குரல் இல்லாதவர் ஒருவர் உண்டு, அவர்தான் பலியானவர். பெர்னி 2014-இல் ஜாமீனில் வெளியே வந்தார். சிறுவயதில் அவருக்கு நடந்த பாலியல் கொடுமை அதற்குள் தெரியவந்திருந்தது. 2016-இல் தண்டனையை மறுபடி தீர்மானிக்க விசாரணை நடந்தபோது அந்த அம்மாளின் குடும்பத்தார் நீதிமன்றத்தில் வந்து நின்றார்கள். ஜூரிகள் 99 ஆண்டு அல்லது ஆயுள் என்று முடிவு செய்தார்கள். மறுபடி சிறை. எது நியாயம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குடும்பத்தின் பேச்சையும் அதே குரலில், அதே நிதானத்தோடு யாராவது வாசித்தால்தான் அந்தக் கதை முழுசாகும் என்று திடமாக நம்புகிறேன்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் அதே பத்திரிகையில் பமேலா காலஃப் எழுதிய 'தி இன்னொசென்ட் மேன்'. 2012 நவம்பர், டிசம்பர் இரண்டு இதழ்களில் வந்தது, அடுத்த ஆண்டு தேசியப் பத்திரிகை விருதும் வாங்கியது. மைக்கேல் மார்ட்டன் என்பவரின் மனைவி 1986 ஆகஸ்டில் வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே கணவருக்கு ஆயுள் தண்டனை. கிட்டத்தட்ட 25 வருஷம் உள்ளே இருந்தார். வீட்டுக்குப் பின்னால் கிடந்த ஒரு கைக்குட்டைத் துணியை டி.என்.ஏ. பரிசோதனை செய்து 2011-இல் விடுதலை. உண்மையான கொலையாளி, இவர் சிறையில் இருந்தபோதே ஆஸ்டினில் இன்னொரு பெண்ணையும் கொன்றிருந்தான்.

அதில் ஓர் இடம். அவர்களுடைய மூன்று வயது மகன் கொலை நடந்தபோது வீட்டில் இருந்தான். அம்மாவை ஒரு பூதம் அடித்தது, அப்பா அப்போது வீட்டில் இல்லை என்று பாட்டியிடம் சொல்லியிருக்கிறான். பாட்டி போலீஸிடம் சொல்லி, அது ஃபைலிலும் ஏறியிருக்கிறது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல்கள் கண்ணில் அது படவே இல்லை. உன் தங்கச்சி இதை வாசித்தபோது கழுத்தே இறுகிப்போனது எனக்கு. கண் அவசரத்தில் இரண்டு வரி தாண்டிவிடும், காதுக்கு அந்த வசதி கிடையாது. குழந்தை சொல்கிற வேகத்திலேயே நாமும் நின்று கேட்க வேண்டும். அந்த வழக்கை நடத்திய அரசு வக்கீல் பிறகு நீதிபதியாகி, 2013-இல் வக்கீல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் சிறைத் தண்டனையும் பெற்றார். அதே ஆண்டு, அரசுத் தரப்பு தன் ஃபைல்களை எதிர்த்தரப்புக்குத் திறந்து காட்ட வேண்டும் என்று மார்ட்டன் பெயரிலேயே டெக்சஸ் சட்டம் போட்டது.

இதெல்லாம் இங்கிலீஷ், வேகமாக வேறு பேசுவார்கள், பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள். கேட்கிற செயலியிலேயே வேகத்தைக் குறைக்கலாம், அவனுக்குத் தெரியும்.

இனி என் கோரிக்கை. உன் பீரோவில் மாவட்ட கோர்ட்டு நோட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பேப்பரில் வந்தது பத்து வரி, நோட்டில் இருப்பது பத்துப் பக்கம். நம் பக்கம் டீக்கடையில் ஒருவர் தந்தி வாசிக்க எட்டுப் பேர் கேட்ட காலம் உண்டு. நடந்த கொலையைச் சிந்தாகப் பாடி, சந்தையில் புத்தகமாக விற்றதும் நம் ஊரில்தான். கேட்கிற ஜனம் இல்லை என்று நீ சொல்ல முடியாது. கண் சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம். பையன் நோட்டைப் பார்த்துத் தேதியும் விவரமும் சொல்லட்டும், நீ உன் பேச்சிலேயே சொல்லு, அவன் போனில் பதிவு செய்யட்டும். உயிரோடு இருப்பவர்கள் பெயரை மாற்றிவிடு.

முதலில் அந்த உப்பளத்து வழக்கை எடு. அதில் செத்துப்போனவனின் அக்காவை நீ இரண்டு முறை போய்ப் பார்த்தாய், பேப்பரில் அவள் சொன்னது ஒரு வரிகூட வரவில்லை என்று எனக்கு அப்போதே எழுதியிருந்தாய். அவள் சொன்னதிலிருந்தே ஆரம்பி. பதிவானதும் வாட்ஸப்பில் அனுப்பு. வெள்ளிக்கிழமை அமரில்லோ போக வேண்டியிருக்கிறது, ஆறு மணி நேர சாலை.

பையனுக்கும் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்.

உன் மச்சான்