பந்தலூர் தோட்டத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.
அனுப்புநர்: தேயிலைத் தோட்டத் தொழிலாளி, பந்தலூர் வட்டம் (பெயர், முகவரி தனி உறையில்).
பொருள்: தோட்டங்களில் வாழும் தன்பாலீர்ப்பாளர்களின் வீடு, ரேஷன் கார்டு, பாதுகாப்பு குறித்து.

வணக்கம். நான் ஆணை விரும்பும் ஆண். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. பட்டியல் சாதி, ஆனால் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் பூர்வீகத்துக்கு ஆதாரம் கொண்டு வா என்கிறார்கள். இதையெல்லாம் ஒவ்வொரு மேசையில் ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். தோட்டத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் வந்து விழுகிறது.

லைன் வீடு, அதாவது தோட்டம் தரும் வரிசை வீடு, வேலையோடு சேர்ந்தது. அப்பா ஓய்வு பெற்றால் வீட்டில் வேறு யாராவது தோட்ட வேலைக்குப் பேர் போட வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். அதனால் என் கல்யாணம் எங்கள் வீட்டில் கூரை சம்பந்தப்பட்ட விஷயம். "மருமக ஒருத்தி வந்து பேரு போட்டா வீடு நிக்கும்ல?" என்று அம்மா கேட்கிறார், திட்டவில்லை, அழவில்லை, கணக்குப் போட்டுத்தான் கேட்கிறார். அந்தக் கணக்கில் தப்பே இல்லை, அதுதான் எனக்குச் சிக்கல். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒற்றைச் சுவர், ராத்திரி போன் பேசவேண்டும் என்றால் கொழுந்து நிறுக்கும் செட் வரைக்கும் இறங்கிப் போக வேண்டும்.

வீட்டை விட்டு வந்துவிடு என்கிறார்கள் கோயம்புத்தூர் நண்பர்கள். அட்வான்ஸ் யார் கொடுப்பது? போன் ஆப்பில் பேசியவர் ஒருவர் "எஸ்டேட்டா, என்ன ஆளுங்க?" என்று கேட்டார், பதில் சொன்னதும் பிளாக் செய்துவிட்டார். எங்களுக்குள் சாதி கிடையாது என்று யாராவது தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

பெண்ணை விரும்பும் பெண்கள் பாடு இன்னும் மோசம். என் தோழியின் சம்பளம் அவள் அப்பா கைக்குப் போகிறது. இருட்டினால் யானை வரும், அது உண்மைதான், ஆனால் அந்த யானையைச் சொல்லியே பகலிலும் அவளை எங்கும் விடுவதில்லை. பாதுகாப்பு கேட்டுக் காவல் நிலையம் போனாள், அங்கிருந்து முதல் போன் அவள் அப்பாவுக்குத்தான் போனது.

சட்டம் இல்லாமல் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு எங்களைக் குற்றவாளி ஆக்காது என்று 2018 செப்டம்பர் 6 அன்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எங்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்றது, அப்புறம் 2022இல் தமிழ்நாடு அரசே காவலர் நடத்தை விதிகளில் அதைச் சேர்த்தது. சேர்ந்து வாழும் இணையரை ரேஷன் கார்டுக்கு ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2024இல் ஒன்றிய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. இதில் எதுவும் கூடலூர் தாண்டி எங்கள் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே கேட்பது இவைதான். அந்த ரேஷன் கடிதம் வட்ட வழங்கல் அலுவலகங்களுக்குப் போக வேண்டும். காவல் நிலையங்களில் அந்த விதியைத் தமிழில் ஒட்ட வேண்டும். தாயகம் திரும்பியோர் சாதிச் சான்றிதழுக்குப் பந்தலூரில் தனி முகாம் வேண்டும், சான்றிதழ் இருந்தால் என்னைப் போன்றவன் வேறு வேலைக்கு முயலலாம், வீட்டுக்காக ஒரு பெண்ணை ஏமாற்றிக் கல்யாணம் செய்ய வேண்டியதில்லை. வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறவர்கள் சில நாள் தங்க மாவட்டத்தில் ஓர் இடம் வேண்டும்.

இன்னொன்று. தயவுசெய்து இந்த மனுவை "விசாரித்து அறிக்கை தருக" என்று கீழே அனுப்பிவிடாதீர்கள். யாராவது லைனுக்கு வந்து என் பேரைச் சொல்லிக் கேட்டால் அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். பதிலைத் தபாலிலும் அனுப்ப வேண்டாம், எங்கள் தபாலெல்லாம் எஸ்டேட் ஆபீசுக்குத்தான் வரும். உறையில் போன் நம்பர் இருக்கிறது, வேலை முடிந்து மாலை ஐந்து மணிக்கு மேல் கூப்பிட்டால் பேசுவேன்.

இப்படிக்கு,
மனுதாரர்