ஈயம் உருக்க அடுப்பங்கரை இடமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜிக் எனப்படும் உலோகத் தூண்டில் இரையை வீட்டிலேயே வார்த்து வண்ணம் பூசுவது பற்றிப் போன வார இணைப்பில் அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். காசு கொடுத்து வாங்கிய ஜிக்கை முதல் வீச்சிலேயே பாறைக்குக் காணிக்கை வைத்துவிட்டு வரும் டர்பன் தூண்டில்காரர்களுக்கு வேண்டிய செய்திதான். ஆனால் கேஸ் அடுப்பில் பழைய பால்சட்டி, பக்கத்தில் ஒரு கரண்டி, கடைசியில் நகப்பூச்சு என்று மூன்றே படத்தில் முடித்துவிட்டீர்கள். இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ யாராவது அதைப் பார்த்து அப்படியே செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வார்ப்பதற்கு 370 முதல் 400 வரை போதும். அந்தச் சூட்டில் ஆவி அதிகம் எழாது. 480, 500 என்று ஏறினால்தான் ஆவி கூடும். மெல்லிய சட்டியைப் பெரிய தீயில் வைத்தால் அந்த அளவைத் தாண்டுவது கண்ணுக்குத் தெரியாது. ஆவியை விடவும் பயப்பட வேண்டியது மேலே மிதக்கும் கசடு. மஞ்சளும் சாம்பலுமாகத் திரளும் அந்தப் பொடி ஈய ஆக்சைடு. வாரி எடுக்கும்போது மாவு போலப் பறந்து சமையல் மேடையிலும் அஞ்சறைப் பெட்டி மூடியிலும் படியும். துடைப்பத்தால் பெருக்கினால் இன்னும் மேலே கிளம்பும். பிறகு தவழும் பிள்ளையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும். தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தார் கேப் கரையோர மீனவர் ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தது. வீட்டில் ஈயம் உருக்கிக் குண்டு வார்ப்பது அந்த ஊர்களின் வழக்கம். நம் வீடுகளில் மட்டும் ஈயம் வேறு மாதிரி நடந்துகொள்ளுமா?

ஆகவே உருக்கும் வேலை கொல்லையில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று. கனமான வார்ப்பிரும்புச் சட்டி. அதில் இனி எந்தக் காலத்திலும் சமையல் கிடையாது. துணி முகக்கவசம் ஈயப் பொடியைத் தடுக்காது, பி3 வடிகட்டி வைத்தது வேண்டும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். சிறிய ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கமும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

அடுத்தது தண்ணீர். உங்கள் பக்கத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சை “நன்றாகக் காயவிடவும்” என்ற ஒரே சொற்றொடரோடு விட்டிருந்தீர்கள். ஆளைக் குருடாக்கக்கூடிய இடம் அதுதான். தண்ணீர் நீராவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். அச்சுக்குள் ஒளிந்திருக்கும் ஈரத்தின் மேல் ஈயம் விழுந்தால் அத்தனையும் திரும்ப முகத்துக்கே வரும். மழையில் நனைந்த ஈயத்துண்டை உருகிய சட்டியில் போட்டாலும், நெற்றி வியர்வை சட்டிக்குள் சொட்டினாலும் இதே கதை. தொட்டுப் பார்த்துக் காய்ந்ததாக நினைப்பது சோதனையே அல்ல. அச்சை 90 டிகிரி ஓவனில் வைத்து, மணிக்கொரு தரம் தராசில் நிறுத்துக்கொண்டே வர வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை எடை குறையாமல் நின்றால்தான் அது காய்ந்த அச்சு. சீக்கிரம் காயட்டும் என்று 150க்கு ஏற்றினால் பிளாஸ்டரே தன் உறுதியை இழந்து பொடியும். எப்படிப் பார்த்தாலும் பிளாஸ்டர் அச்சு சில வார்ப்புக்குத்தான் தாங்கும். அடிக்கடி வார்ப்பவர்கள் அலுமினிய அச்சோ, சூடு தாங்கும் சிலிகான் அச்சோ வாங்கிக்கொள்வது நல்லது. கண்ணாடியும் தோல் கையுறையும் மூடிய காலணியும் எந்த அச்சானாலும் வேண்டும்.

ஈயம் எங்கிருந்து? டயர் கடையில் கிடைக்கும் சக்கர எடைகளில் இப்போது துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள். ஈயத்தில் பல் இறங்கும், துத்தநாகத்தில் இறங்காது. துத்தநாகம் உருகுவது 419 டிகிரியில். சட்டியை 400க்குக் கீழே வைத்திருந்தால் தப்பி வந்த துண்டு உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். உருகிக் கலந்துவிட்டால் சட்டி முழுவதும் ஓட்ஸ் கஞ்சி போலக் குழம்பிப் போகும், அச்சின் ஓரம்வரை ஓடாது. பளபளக்கும் ஈயத்தின் மேல் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினால் அது சூட்டைக் குறைத்துக் காட்டும். உள்ளே முக்கும் கம்பி வைத்த வெப்பமானிதான் சரி. பழைய கார் பாட்டரியைத் தொடவே வேண்டாம். அமிலம் ஒரு பக்கம், அதன் கசடிலிருந்து வரக்கூடிய நச்சுவாயு இன்னொரு பக்கம்.

எடைக் கணக்கு உங்கள் பக்கத்தில் இல்லவே இல்லை. மாதிரியை எபாக்சி மாவில் செய்துகொண்டு, அளவுக் குவளையில் தண்ணீர் ஊற்றி அதில் முக்குங்கள். தண்ணீர் எத்தனை மில்லி ஏறுகிறதோ அதை 11.3 ஆல் பெருக்கினால் ஈய ஜிக்கின் எடை கிராமில் கிடைக்கும். 7 மில்லி என்றால் ஏறத்தாழ 80 கிராம். அதே அச்சில் வெள்ளீயம் எனப்படும் தகரத்தை வார்த்தால் 51 கிராம், பிஸ்மத்தும் தகரமும் 58க்கு 42 கலந்தால் 60 கிராம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஈயத்தை விட்டுவிட்டு இந்த இரண்டில் ஒன்றுக்குப் போவதே எங்கள் யோசனை. விலை கூடுதல்தான், ஜிக்கும் கொஞ்சம் பருமனாகும். ஆனால் அந்தக் கலவை 138 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. வண்ணம் பூசும்போது அது நம்மைக் கவிழ்க்கும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

ஜிக்கின் இரண்டு முனைக்கும் ஒரே துருப்பிடிக்காத கம்பி ஊடுருவிப் போக வேண்டும். 80 கிராமுக்கு 1.2 மில்லிமீட்டர் கம்பி, இரு முனையிலும் வளையம். தலைக்கு ஒன்று வாலுக்கு ஒன்று என்று தனித்தனிக் கொக்கியை ஈயத்தில் புதைத்தால் பெரிய பாரை மீன் ஒன்று இழுத்ததும் கொக்கி மட்டும் மீனோடு போகும். அச்சின் உட்புறத்தை மெழுகுவத்திப் புகையில் கருக்கிக்கொண்டால் ஈயம் வழுக்கி ஓடும், வெளியே வருவதும் சுலபம். முதல் இரண்டு மூன்று வார்ப்பு சுருக்கம் விழுந்து அரைகுறையாக வரும். அச்சு சூடாகவில்லை என்று அர்த்தம், சட்டியில் திரும்பப் போட்டு உருக்குங்கள். மேற்பரப்பு பனி படிந்தாற்போல் மங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. பிசிறை அரத்தால் தேய்ப்பதானால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், உப்புத்தாளும் நனைத்ததாக இருக்கட்டும். காய்ந்த ஈயத்தூள் பறக்கக் கூடாது.

இனி வண்ணம். பூச்சு உதிர்ந்தால் எல்லோரும் பெயிண்ட் டப்பாவைத் திட்டுகிறோம். உதிர்வது பெரும்பாலும் அடிப்பரப்பின் கோளாறால்தான். வார்த்த ஈயத்தில் மெழுகுப் புகையும் விரல் எண்ணெயும் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுத் தேய்த்து, காய்ந்தபின் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்து, அதற்குப் பிறகு கையுறையோடு மட்டும் தொடுங்கள். வினிகரில் ஊறப்போடச் சொல்லியிருந்தீர்கள். வேண்டாம். அது தண்ணீரில் கரையும் ஈய உப்பை உண்டாக்கும், மிச்சத் தண்ணீரை எங்கே கொட்டுவது? சரியாக அலசாவிட்டால் பூச்சுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்து அதைத் தள்ளிவிடவும் செய்யும்.

வீட்டு முறையில் அதிகம் உழைப்பது பொடிப் பூச்சு, அதாவது சூட்டில் இளகி ஒட்டும் வண்ணப் பொடி. சமையலுக்கு இனி எடுக்காத ஒரு சின்ன ஓவனில் ஜிக்கை 180 டிகிரியில் பத்து நிமிடம் சூடேற்றி, குறடால் வளையத்தைப் பிடித்து, உதிரியாகத் தளர்த்திவைத்த பொடியில் ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் முக்கி எடுத்துவிட வேண்டும். பொடி நம் கண்ணெதிரே இளகிப் பளபளக்கும். மணல் போலச் சொரசொரப்பாக நின்றால் சூடு போதவில்லை, சூடான காற்று வீசும் ஹீட் கன்னை லேசாகக் காட்டினால் இளகிவிடும். வால்பக்கம் சொட்டாகத் திரண்டால் சூடு அதிகம், அல்லது பொடியில் முக்கிவைத்த நேரம் அதிகம். இளக்கம் இருக்கும்போதே வளையத்தின் துளையை ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள், ஆறினால் உளிதான் வேண்டும். பிறகு தொங்கவிட்டு 20 நிமிடம் அதே 180இல் சுட வேண்டும். இதைச் சுடாமல் விடுகிறவர்கள்தான் பொடிப் பூச்சு உதிர்கிறது என்கிறார்கள். ஈயமும் தகரமும் இந்தச் சூட்டைத் தாங்கும். முன்பு சொன்ன பிஸ்மத் கலவையை மட்டும் ஓவனில் வைத்தால், திறக்கும்போது தட்டில் ஒரு குட்டையும் தொங்கும் கம்பியும்தான் இருக்கும். அதற்கு பிரைமர் அடித்து ஸ்ப்ரே பெயிண்ட் ஒன்றே வழி.

எந்த வண்ணமானாலும் முதலில் வெள்ளை. ஒளிரும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் பாதி ஊடுருவித் தெரியும் வண்ணங்கள். சாம்பல் ஈயத்தின் மேல் நேராகப் பூசினால் அழுக்காகத்தான் தெரியும். இங்கே ஜூன், ஜூலையில் சார்டின் கூட்டம் வரும்போது நீலப்பச்சை முதுகு, வெள்ளிப் பக்கம், வெள்ளை வயிறு போதும். செதிலுக்கு வெங்காயம் வரும் வலைப்பையை விட மேலான கருவி கிடையாது. வெள்ளி காய்ந்தபின் வலையை ஜிக்கின் மேல் சுற்றி, அடிவயிற்றுப் பக்கம் துணி கிளிப் இரண்டு போட்டு, தோல் போல ஒட்டும்வரை இழுத்துக்கொள்ளுங்கள். 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று முதுகில் மட்டும் ஒரே ஓட்டமாக நீலம் அடியுங்கள். நின்று நிதானித்தால் வண்ணம் வலைக்கு அடியில் கசிந்து செதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிமிடம் பொறுத்து வலையை நேர் மேலாகத் தூக்க வேண்டும், பக்கவாட்டில் உருவக் கூடாது. கண்ணுக்கு ஆணியின் தலையை வெள்ளையில் தொட்டு ஒரு பொட்டு. காய்ந்ததும் குண்டூசித் தலையால் அதற்குள் ஒரு கருப்புப் பொட்டு.

ஆழத்துக்குப் போகும் ஜிக்கில் சிவப்பை நம்ப வேண்டாம். தண்ணீரில் முதலில் மறையும் நிறம் அதுதான், கீழே அது கருப்பு. அங்கே இருட்டில் ஒளிரும் பொடி உதவும். ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பொடி பழைய துத்தநாக சல்ஃபைடை விட வெகுநேரம் ஒளிரும். ஆனால் அதைத் தண்ணீர் கலந்த பூச்சில் கரைத்தால் கெட்டுவிடும், எபாக்சியில்தான் குழைக்க வேண்டும்.

மேல்பூச்சைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஷாட் மீனின் பல்லுக்கு முன்னால் நகப்பூச்சு அரைமணி நேரம் தாங்காது. இரண்டு பாக எபாக்சியைக் குப்பியில் எழுதியிருக்கும் விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கண்மதிப்பில் கலந்தது பல நாள் ஆனாலும் பிசுபிசுக்கும். பூசியபின் அது கெட்டியாகும்வரை ஜிக் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுப் பக்கம் தொப்பை விழும். வெளியில் இறைச்சி சுடும் பிராய் அடுப்பில் கோழியைச் சுழற்றும் மோட்டார் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். பூச்சு ஓரிடத்தில் விலகிக் குழி விழுந்தால் அங்கே விரல் பட்டிருக்கிறது. அடியிலுள்ள ஸ்ப்ரே பெயிண்ட் முழுக்கக் காயாமல் மேலே பூசினால் சுருங்கிவிடும், ஒரு நாள் பொறுங்கள்.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் ஷாட் பிடிக்கத் தடை என்பதால் எல்லோரும் அப்போதுதான் ஜிக் செய்ய உட்காருகிறார்கள். டர்பனில் மழையும் புழுக்கமும் தொடங்கும் நேரமும் அதுவே. ஈரக்காற்றில் எபாக்சியின் மேல் எண்ணெய் தடவினாற்போல ஒரு படலம் படியும். அதைச் சூடான சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைக்காமல் அடுத்த கை பூசினால் இரண்டும் ஒட்டாது, பிறகு தோல் உரிவது போல் உரிந்து வரும். வார்ப்பு வேலையை அந்த மாதங்களில் வைத்துக்கொண்டு, மேல்பூச்சை மழையில்லாத காய்ந்த மதியத்துக்குத் தள்ளிப்போடலாம்.

பூசி முடித்த ஜிக்கை ரப்பர் போன்ற செயற்கை மென்புழு இரைகளோடு ஒரே பெட்டியில் போட்டுவைக்காதீர்கள். புழுவிலிருந்து கசியும் எண்ணெய் சாதாரண பெயிண்ட்டைக் கரைத்துக் கூழாக்கிவிடும். நன்றாகச் சுட்ட பொடிப் பூச்சு ஓரளவு தாங்கும். தூண்டில் முள்ளைத் தலைப்பக்கக் கயிற்றில் கட்டுவதானால் முள்ளின் முனை ஜிக்கின் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விழும்போதே வாலைக் கவ்விக்கொள்ளும், பிறகு அது இரை போல ஆடாது, கல் போல இறங்கும்.

அந்தப் பக்கத்தைத் திரும்பப் போடும் எண்ணமிருந்தால் ஒரு வேண்டுகோள். வெங்காயப் பைப் படம் போடுங்கள், சுழலும் மோட்டாரைப் போடுங்கள். பால்சட்டிப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வடக்குத் துறைச் சுவரில் தூண்டில் போடும் வாசகர்கள்,
டர்பன்