சீனக் குதிரையும் தமிழ் 'மா'வும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனத்தில் குதிரையைக் குறிக்கும் 'மா' தமிழிலிருந்து போன சொல் என்கிறது சென்ற இதழின் சொல்லாராய்ச்சிக் கட்டுரை. தமிழிலும் 'மா' என்றால் குதிரை உண்டுதான். ஆனால் இரண்டு சொற்களையும் கொஞ்சம் பின்னோக்கித் துருவினால் வழி பிரிந்துவிடுகிறது.

'மாவும் மாக்களும் ஐயறிவினவே' என்கிறது தொல்காப்பியம். அங்கே மா என்பது பொதுவாக விலங்கு. அரிமா சிங்கம், பரிமா குதிரை. எந்த விலங்கு என்பதை முன்னால் வரும் சொல்தான் காட்டுகிறது. தனித்து நின்று குதிரையைக் குறிப்பது அதிலிருந்து குறுகிய பொருள். சீனச் சொல்லின் கதையே வேறு. பழஞ்சீனத்தில் அது 'ம்ர' என்று தொடங்கியதாக மொழியியலாளர் மீட்டமைக்கிறார்கள். அதன் உறவுமொழியான பர்மியத்தில் குதிரையைப் பேச்சில் 'மியின்' என்பார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தால் இன்றும் 'ம்ரங்'. சீனத்தில் அந்த ரகரம் உதிர்ந்தபின் மிஞ்சியதே 'மா'. தமிழிலிருந்து இரவல் போயிருந்தால் அந்த ரகரம் எங்கிருந்து முளைத்தது?

நம் எழுத்தும் கொஞ்சம் ஏமாற்றுகிறது. சீனத்தில் குரலை உயரத்தில் சமமாக இழுத்தால் அம்மா, ஏற்றினால் சணல் போன்ற நார்ச்செடி, இறக்கி ஏற்றினால் குதிரை, சடாரென இறக்கினால் திட்டுதல். தமிழில் நான்கையும் 'மா' என்றே அச்சிடுகிறோம். தாய்லாந்து மொழியிலும் வருதல், நாய், குதிரை மூன்றும் தொனி மாறிய மா. அரபியில் 'மா' தண்ணீர். பன்மையில் 'மியாஹ்' என்று ஹகரம் வெளிப்படுகிறது. வடமொழி 'மா' வேண்டாம் என்று விலக்குவது. கிரேக்க 'மே' அதற்கு உறவு.

இவ்வளவு ஏன், தமிழிலேயே மரம் ஒரு மா, யாழ்ப்பாணத்து அரிசி மா ஒன்று, இருபதில் ஒரு பங்கு இன்னொன்று. அந்த 1/20-உடன் காணி 1/80 சேர்ந்துதான் மாகாணி, 1/16. ஒரே மொழிக்குள்ளேயே ஒலி ஒப்புமையை நம்ப முடியவில்லை.

இத்தகைய பட்டியல்களை வெளியிடுமுன் பழைய வடிவம், உறவுமொழி வடிவம், சொல் பயணித்த வழி மூன்றையும் எழுதியவரிடம் கேட்டு வாங்குங்கள். மாங்காய்க்கு மூன்றும் கிடைக்கின்றன: கன்னட மாவு, தெலுங்கு மாமிடி உறவுகள், போர்த்துக்கீசியர் வாயில் 'மங்கா', அங்கிருந்து ஆங்கில 'மேங்கோ'. சீனக் குதிரைக்கு அந்தக் கட்டுரை மூன்றில் ஒன்றைக்கூடத் தரவில்லை.

இப்படிக்கு,
மொழியியல் ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.